பதவி மட்டுமல்ல, பதவித் தேதியும்: ராணுவ மருத்துவர் சேவைக் கணக்கைத் திருத்துவது எப்படி?

வாசகி ஒருவர் டெக்சாஸிலிருந்து எழுதியிருக்கிறார். பட்டப்படிப்பின்போது, கல்லூரி மாணவர்களைப் படை அதிகாரிகளாக்கும் ஆர்ஓடிசி பயிற்சி பெற்று அமெரிக்க விமானப்படையில் தளவாட அதிகாரியாக 4 ஆண்டு பணியாற்றினார். பிறகு வெளியே வந்து, சொந்தக் கடனில் 4 ஆண்டு மருத்துவம் படித்தார். பொது மருத்துவத்தில் 3 ஆண்டு ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) முடித்து, தனியார் மருத்துவமனை ஒன்றில் 2 ஆண்டு முழுநேர மருத்துவராக இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விமானப்படையின் மருத்துவப் பிரிவில் மீண்டும் சேர்ந்திருக்கிறார். "மேஜராகவே சேரலாம் என்று ஆள்சேர்ப்பு அதிகாரி வாய்மொழியாகச் சொன்னார். ஆணை வந்தபோது ஒரு படி கீழே, கேப்டன் என்று இருந்தது, சேவைக் கணக்கு 4 ஆண்டு மட்டும். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது திருத்த முடியுமா? ஓய்வூதியத்துக்கும் இந்த ஆண்டுகள் சேருமா?" என்பது அவர் கேள்வி.

திருத்த முடியும். ஆனால் "என்னை மேஜராக்குங்கள்" என்று ஒற்றை வரியில் மனுப் போட்டால் அநேகமாகத் தோற்பீர்கள். உங்கள் கடிதத்தில் மூன்று வெவ்வேறு கணக்குகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வோம்.

ஒன்று, நுழைவுத் தரக் கணக்கு. எந்தப் பதவியில் சேர்கிறீர்கள், அந்தப் பதவியில் உங்கள் மூப்பு எந்தத் தேதியிலிருந்து (இதுதான் பதவித் தேதி) தொடங்குகிறது என்பதை இதுதான் முடிவு செய்கிறது. கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பு 10ஆம் தலைப்பின் 533ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. ரிசர்வ், அதாவது துணைப் படை நியமனமானால் 12207ஆம் பிரிவு. நடைமுறை விதிகள் பாதுகாப்புத் துறையின் 6000.13 எண் அறிவுறுத்தலில் இருக்கின்றன. சீருடை அணியாத காலத்தில் படித்த படிப்புக்கும் பெற்ற பயிற்சிக்கும் 'சேவை செய்ததாகக் கருதி' ஆண்டுகள் வழங்குவது இந்தக் கணக்கில்தான்.

இரண்டாவது, சம்பளக் கணக்கு. அடிப்படைச் சம்பளம் பதவியோடு பணி ஆண்டுகளையும் பார்த்து ஏறும். கருதப்படும் ஆண்டுகளுக்கு இங்கே இடமில்லை, உண்மையில் படையில் இருந்த காலம் மட்டுமே சேரும். மூன்றாவது ஓய்வூதியக் கணக்கு. முழுநேரப் பணியில் 20 ஆண்டு என்ற வழக்கமான ஓய்வுக்கு உங்கள் பழைய 4 ஆண்டும், சேர்ந்த பிறகு ஓடும் ஆண்டுகளும் மட்டும்தான். மருத்துவக் கல்லூரி, ரெசிடென்சி, தனியார் பணி எதுவும் ஓய்வூதியத்துக்கு ஒரு நாள்கூடச் சேராது. பதிவேடுகளைத் திருத்தும் வாரியத்திடம் (அதைப் பற்றிப் பிறகு) கேட்டும் பயனில்லை, சட்டமே அப்படி. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இதோடு முடிந்தது.

இனி உங்கள் நுழைவுத் தரக் கணக்கை வரி வரியாகப் போட்டுப் பார்க்கலாம்.

மருத்துவப் பட்டத்துக்கு 4 ஆண்டு. இதைக் கொடுத்துவிட்டார்கள். கேப்டன் பதவிக்கான வாசலும் 4 ஆண்டுதான் என்பதால், உங்கள் ஆணையைத் தயாரித்தவர் பட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பை மூடியிருக்கிறார் என்று தோன்றுகிறது. இது நடக்கக்கூடிய பிழைதான். ரெசிடென்சியை முடித்துவிட்டு வருபவர்களைவிட, கல்லூரியிலிருந்து நேரே வருபவர்களின் கோப்புகளைப் பார்த்துப் பழகிய மேசை அது.

ரெசிடென்சிக்கு ஆண்டுக்கு ஓர் ஆண்டு வீதம் 3. முதல் ஆண்டு இன்டர்ன்ஷிப்பாக எண்ணப்பட்டாலும் கூட்டுத்தொகை மாறாது. ஆக 7.

தளவாட அதிகாரியாக இருந்த 4 ஆண்டு அடுத்தது. முன்பு செய்த அதிகாரிப் பணி அதே மருத்துவப் பிரிவில் இருந்திருந்தால் நாளுக்கு நாள் முழுதாகச் சேரும். வேறு பிரிவில் செய்ததற்குப் பாதி. உங்களுக்கு 2 ஆண்டு. ஆக 9.

கடைசியாகத் தனியார் மருத்துவமனை அனுபவம். ஆண்டுக்கு அரை ஆண்டு வீதம், அதிகபட்சம் 3 ஆண்டு வரை தரலாம். இது 'தரலாம்' என்ற வகை. அந்த அனுபவம் படைக்கு நேரடியாகப் பயன்படுகிறதா என்று பார்த்துத் தருவார்கள். கிடைத்தால் உங்களுக்கு 1 ஆண்டு. ஆக 10.

இங்கேதான் சிக்கல். மேஜர் வாசல் பொதுவாகப் பத்தாண்டை ஒட்டி நிற்கிறது. சரியான எல்லையைப் படைப்பிரிவின் விதி வகுக்கிறது, அவ்வப்போது மாறவும் செய்கிறது. ஆகவே நீங்கள் நியமிக்கப்பட்ட நாளில் அமலில் இருந்த அட்டவணையைத்தான் எடுக்க வேண்டும், இன்று இணையத்தில் கிடைப்பதை அல்ல. உங்கள் மேஜர் கோரிக்கை முழுவதும் அந்தக் கடைசி ஓர் ஆண்டின் மீது, அதுவும் அதிகாரியின் விருப்புரிமைக்கு உட்பட்ட ஓர் ஆண்டின் மீது நிற்கிறது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடினால், உறுதியாகக் கிடைக்கக்கூடிய 5 ஆண்டைக் கோட்டை விடுவீர்கள்.

அந்த 5 ஆண்டின் மதிப்பைப் பாருங்கள். கணக்கு 9 என்று திருத்தப்பட்டால் நீங்கள் கேப்டனாகவே சேர்ந்தவர்தான், பதவி மாறாது. ஆனால் கேப்டனுக்கான 4 போக மிச்சமுள்ள 5 ஆண்டு மூப்பாகிறது. உங்கள் பதவித் தேதி, நியமன நாளுக்கு ஐந்து ஆண்டு முன்னால் போய்விடும். நீங்கள் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகிறது. ஆக இன்று நீங்கள் ஏழு ஆண்டு மூப்புள்ள கேப்டன். மருத்துவ அதிகாரிகள் கேப்டனாக ஆறு ஆண்டு முடிக்கும் வாக்கில் மேஜர் தேர்வுக்கு வருவது வழக்கம். உங்களைப் பார்த்திருக்க வேண்டிய தேர்வுக் குழு உங்கள் பெயரே இல்லாமல் கூடிக் கலைந்திருக்கலாம். ஆகவே பதவித் தேதித் திருத்தத்தோடு, 628ஆம் பிரிவின்படி சிறப்புத் தேர்வுக் குழு ஒன்றின் முன் உங்கள் பெயரை வைக்க வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

இதில் ஒரு கத்தியும் இருக்கிறது. பதவித் தேதி இப்படி முன்னால் போனதும் நீங்கள் உடனே தேர்வு வரிசைக்குள் விழுந்துவிடுவீர்கள். கையில் மருத்துவராகப் பெற்ற பணி மதிப்பீடுகள் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கேப்டன் ஒருவர் மேஜர் தேர்வில் இரண்டு முறை தவறினால் சேவையை விட்டு விலக வேண்டிய நிலை வரலாம். திருத்தத்தை வெற்றியாகக் கொண்டாடிவிட்டு, அடுத்த ஆண்டு அதே திருத்தத்தால் மாட்டிக்கொள்வது கொடுமை. எனவே போதிய மதிப்பீடுகள் சேரும்வரை நடந்த, நடக்கும் எந்தத் தேர்விலும் தேர்வாகாதது தவறியதாகக் கணக்கிடப்படக் கூடாது என்று ஒரு வாக்கியம் மனுவில் கட்டாயம் இருக்கட்டும்.

சம்பளக் கணக்கைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் பார்த்துவிடுங்கள். ஆர்ஓடிசி வழி வந்தவர்களுக்கு மொத்தப் படைக் கடமை வழக்கமாக 8 ஆண்டு. முழுநேரம் 4 ஆண்டு முடித்து வெளியே வந்தபோது, மிச்ச 4 ஆண்டுக்கு உங்களைத் தனிநபர் ரிசர்வ் பட்டியலுக்கு மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். பயிற்சியும் இல்லை, சம்பளமும் இல்லை என்பதால் பலருக்கு அந்தப் பட்டியலில் இருந்ததே நினைவிருக்காது. அந்த ஆண்டுகள் அடிப்படைச் சம்பளக் கணக்கில் சேரும். அப்படியானால் நீங்கள் சேர்ந்த நாளில் உங்கள் சம்பள மூப்பு 8 ஆண்டு. மாதச் சம்பளச் சீட்டில் சம்பளத் தேதி, அதாவது சம்பள மூப்பு எண்ணத் தொடங்கும் தேதி, என்ன என்று இன்றே பாருங்கள். ஆனால் அதே 4 ஆண்டில் நீங்கள் மருத்துவக் கல்லூரியிலும் இருந்தீர்கள். நுழைவுத் தரக் கணக்கில் ஒரே காலத்தை இரண்டு முறை எண்ண முடியாது. அங்கே படிப்புக்கு முழு ஆண்டு கிடைக்கும்போது, ரிசர்வ் ஆண்டுக்குப் பாதி கேட்பது வீண் வேலை. கேட்டால் மனுவின் நம்பகத்தன்மையும் குறையும்.

கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்ற உங்கள் பயம் தேவையற்றது. ராணுவச் சம்பளம் ஒப்பந்தத்தால் அல்ல, சட்டத்தால் தீர்மானிக்கப்படுவது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961இல் பெல் வழக்கில் சொல்லிவிட்டது. விதி தரும் ஆண்டுகளை ஒரு கையெழுத்து பறித்துவிடாது. ஆனால் அதே தத்துவம் ஆள்சேர்ப்பு அதிகாரியின் வாய்ச்சொல்லுக்கும் பொருந்தும்: விதியில் இல்லாததை அவர் வாக்குறுதியால் உண்டாக்க முடியாது. அவர் எழுதிய மின்னஞ்சல் ஏதாவது இருந்தால் இணையுங்கள், 'அநீதி' என்ற வாதத்துக்கு உதவும். வாதத்தின் அச்சாணியாக அதை வைக்காதீர்கள்.

எங்கே போவது? முதலில் வாரியத்துக்கு அல்ல. நிர்வாக வழிகளை முயன்று பார்த்தீர்களா என்றுதான் வாரியம் முதலில் கேட்கும். சான் அன்டோனியோவின் ராண்டால்ஃப் தளத்தில் உள்ள விமானப்படைப் பணியாளர் மையத்துக்கு, கணக்குத் தாளோடு எழுத்து வடிவில் திருத்தம் கேளுங்கள். சில பிழைகள் அங்கேயே சரியாகிவிடும். மறுத்தால் அந்த மறுப்புக் கடிதமே அடுத்த படிக்கான சீட்டு.

அடுத்த படி, மேரிலாந்தின் ஆண்ட்ரூஸ் தளத்தில் உள்ள விமானப்படை ராணுவப் பதிவேடுகள் திருத்த வாரியம். தனிநபர் ஒவ்வொருவருக்காகவும் நாடாளுமன்றத்தில் தனி மசோதா கொண்டுவந்து சலித்துப்போன உறுப்பினர்கள், 1946இல் அந்த வேலையை இப்படிப்பட்ட வாரியங்களிடம் தள்ளிவிட்டார்கள். இன்று 1552ஆம் பிரிவு அதன் அதிகாரம்: 'பிழையை' அல்லது 'அநீதியை'ச் சரிசெய்வது. மனுவுக்கு டிடி 149 படிவம். வாரிய உறுப்பினர்கள் சிவிலியன்கள், மருத்துவர்களாக இருக்க வேண்டியதில்லை. ரெசிடென்சி என்றால் என்ன, அது ஏன் முழுநேரப் பயிற்சி என்று இரண்டு வரி விளக்கம் எழுதினால் குறைந்துபோகாது.

படிவத்தோடு வைக்க வேண்டியவை பழைய சேவையிலிருந்து வெளியேறியபோது தந்த டிடி 214, நியமன ஆணை, அப்போது உங்களுக்குக் காட்டிய கணக்குத் தாள், ரெசிடென்சி நிறைவுச் சான்றிதழ், நியமன நாளின் விதிப்பக்கம். மருத்துவமனைக் கடிதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "இவர் இங்கே பணியாற்றினார்" என்ற நற்சான்று போதாது. தொடங்கிய நாள், முடிந்த நாள், முழுநேரம், எந்தச் சிறப்புத் துறை ஆகிய நான்கும் வேண்டும். அதிகாரிகள் முறையாகத்தான் செய்திருப்பார்கள் என்ற அனுமானத்தோடு வாரியம் தொடங்குகிறது. இல்லை என்று காட்டும் சுமை உங்களுடையது. பழைய தீர்ப்புகள் பெயர் மறைக்கப்பட்டு இணையத்தில் பொது வாசிப்புக்குக் கிடைக்கின்றன. அவை வாரியத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், உங்களைப் போன்ற வழக்கில் எந்த ஆவணம் எடுபட்டது என்பதை அவற்றிலிருந்து அறியலாம்.

கோரிக்கைப் பகுதியை இப்படி அமைக்கச் சொல்வேன்: "நியமன நாளன்று எனது நுழைவுத் தரக் கணக்கு 10 ஆண்டு எனத் திருத்த வேண்டும், விதி அனுமதித்தால் மேஜராக நியமிக்கப்பட்டதாகப் பதிவுகளைத் திருத்த நடவடிக்கை எடுக்க வேண்டும். மாற்றாக, தனியார் அனுபவம் ஏற்கப்படாவிட்டால் கணக்கை 9 ஆண்டு எனவும், கேப்டன் பதவித் தேதியை அதற்கேற்பவும் திருத்த வேண்டும்." மாற்றுக் கோரிக்கை பலவீனத்தின் அடையாளம் என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். நிரந்தரப் படையில் மேஜர் முதல் மேலே உள்ள நியமனங்களுக்கு செனட் ஒப்புதல் வேண்டும். வாரியம் தன் பேனாவால் மட்டும் உங்களை மேஜராக்க முடியாது. பதவித் தேதியை நகர்த்துவதில் அந்தத் தடை இல்லை.

கெடு, பிழையைக் கண்டறிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. ஆணையைக் கையில் வாங்கிய நாளிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று வாரியம் சொல்லக்கூடும். அப்படிப் பார்த்தால் இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது. முழுநேரப் பணியில் இருக்கும் காலத்தில் இந்தக் கெடு ஓடாது என்று 1994இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன டெட்வைலர் தீர்ப்பு உங்களுக்குத் துணை. நீதியின் பொருட்டுத் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் வாரியத்துக்கு உண்டு. இருந்தாலும் குடை இருக்கிறதே என்று மழையில் இறங்க வேண்டாம். சம்பளப் பாக்கிக்காக நீதிமன்றம் போவதானால் அங்கே தனியாக 6 ஆண்டுக் கெடு. வாரியத்தில் மனு நிலுவையில் இருப்பது அதை நிறுத்திவைக்காது.

மனு போன பிறகு நீண்ட மௌனம். பெரும்பாலான மனுக்களைப் பத்து மாதத்திலும், எதையும் 18 மாதத்துக்கு மேல் இழுக்காமலும் முடிக்க வேண்டும் என்பது சட்டம் வைத்த இலக்கு. நடுவில் ஒரு நாள் 'ஆலோசனைக் கருத்து' என்ற தலைப்பில் ஒரு கடிதம் வரும். மருத்துவப் பணியாளர் பிரிவு உங்கள் மனுவைப் பற்றி வாரியத்துக்கு எழுதிய குறிப்பின் நகல் அது. பலர் இதையே தீர்ப்பு என்று நினைத்து மனமுடைந்து விட்டுவிடுகிறார்கள். அது எதிர்த்தரப்பின் கருத்து மட்டுமே. பதில் சொல்லக் குறுகிய அவகாசம்தான் தருவார்கள், கடிதத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். அந்தக் குறிப்பில் எந்த ஆண்டு விதியை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று முதலில் தேடுங்கள். உங்கள் நியமனத்துக்குப் பின் வந்த விதியானால், உங்கள் பதில் கடிதத்தின் முதல் பத்தி கிடைத்துவிட்டது.