ஒரு நாளைக்கு எத்தனை நாடகம்?

கேள்வி: என் மகன் ஸ்காட்லாந்தில், எடின்பரோவில் வேலை பார்க்கிறான். ஆகஸ்ட்டில் நானும் என் பள்ளித் தோழியும் பத்து நாள் அங்கே இருப்போம். கோடை விழாவில் தினமும் ஐந்து நாடகம் என்று தோழி இப்போதே அட்டவணை போட்டுவிட்டாள். முடியுமா? – திருச்சி வாசகி

பதில்: முடியும். ஆனால் நாலாம் நாள், எந்த நாடகத்தில் யார் செத்தார் என்று கேட்டால் இரண்டு பேரும் முழிப்பீர்கள். 2019-இல் நானும் என் ஆபீஸ் தோழியும் அப்படித்தான் முழித்தோம். அந்த ஆண்டு ‘ஃபிரிஞ்ச்’ என்கிற அந்தக் கோடை விழாவில் மட்டும் 3,841 நிகழ்ச்சிகள். தோழி ஆடிட் செக்‌ஷனில் இருந்து ரிடையர் ஆனவள். விழாப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் டிக் அடித்து, சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் ஒதுக்கினாள்.

அங்கே பெரும்பாலான நாடகம் ஒரு மணி நேரம்தான். ஒரே அறையைக் காலையிலிருந்து நள்ளிரவு வரை பல குழுக்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு குழு செட்டைக் கழற்றி, அடுத்த குழு மாட்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். அதனால் சொன்ன நேரத்துக்கு ஆரம்பம், சொன்ன நேரத்துக்கு முடிவு. சபா கேண்டீனில் காபியை முடித்துவிட்டு மெதுவாக உள்ளே போய் உட்காரும் நம் வழக்கம் அங்கே செல்லாது. தாமதமாகப் போனால் பல இடங்களில் கதவைத் திறக்க மாட்டார்கள். டிக்கெட் பணமும் போச்சு.

இரண்டாம் நாள் எங்களுக்கு அதுதான் நடந்தது. நான்காம் ஜார்ஜ் பாலத்தில் நிற்கிறோம். மொபைல் மேப்பில் நீலப்புள்ளி அரங்கத்தின் மேலேயே இருக்கிறது, அரங்கத்தைக் காணோம். அந்தப் பழைய ஊர் இரண்டு மாடி ஊர் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தால் கவ்கேட் தெரு அதலபாதாளத்தில் ஓடுகிறது. படி தேடி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். வாசலில் நின்ற பையன் ரொம்ப மரியாதையாகக் கையை விரித்தான்.

வேறு வழியில்லாமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, டப்பாவில் கொண்டுவந்த புளியோதரையைப் பிரித்தோம். காலையில் பார்த்த நாடகத்தைப் பற்றி அப்போதுதான் பேச்சு வந்தது. இரண்டே நடிகர்கள், ஒரு மேஜை. அப்பா இறந்தபின் வீட்டை விற்க வரும் அண்ணனும் தங்கையும். அண்ணன் பக்கம்தான் நியாயம் என்றேன். “போடி, அந்தத் தங்கை கடைசி வரைக்கும் சாவியைக் கீழே வைக்கவே இல்லை, நீ பார்க்கலையா?” என்றாள். நான் பார்க்கவில்லை. அந்த ஒரு மணி நேரமும் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் சொல்லச் சொல்ல வேறு நாடகமாகிவிட்டது. இருட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதற்கு மட்டும் தோழி எதற்கு?

அன்று ராத்திரி அட்டவணையில் பாதியை அடித்தோம். அடித்தவளும் அவளே, அதே சிவப்புப் பேனாவால். உங்கள் தோழியிடம் சொல்லுங்கள்: ஒரு நாளைக்கு மூன்று, நடுவில் ஒன்றரை மணி நேரம் இடைவெளி. அதில் ஒன்றாவது அவள் மட்டும் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும், முகம் சுளிக்காமல் கூடப் போங்கள்.

கேள்வி: அந்த ஃபிரிஞ்ச் விழாவுக்குத் தேர்வுக் குழுவே கிடையாதாமே? அப்படியானால் குப்பையும் நிறைய இருக்குமே, எப்படிப் பொறுக்குவது? – பெங்களூரு வாசகர்

பதில்: இருக்கும். 1947-இல் எடின்பரோ சர்வதேச விழா தொடங்கியபோது, அழைப்பே இல்லாமல் எட்டுக் குழுக்கள் வந்து தாங்களாகவே இடம் பிடித்து நாடகம் போட்டன. ஃபிரிஞ்சின் பிறப்பு அதுதான். அழைத்து நடத்தும் சர்வதேச விழா இன்றும் தனியாக நடக்கிறது. ஃபிரிஞ்சில் இடமும் காசும் இருந்தால் யாரும் மேடை ஏறலாம். 1966-இல் ஆக்ஸ்போர்டு மாணவர்கள் இங்கே போட்ட ஒரு நாடகத்துக்குப் பிறகுதான் நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்ட் பெயர் ஊருக்குத் தெரிந்தது. யாராவது உட்கார்ந்து சல்லடை போட்டுச் சலித்திருந்தால் அதுவும் போயிருக்குமோ என்னவோ.

புது நாடகத்துக்கு டிராவர்ஸ் தியேட்டரை நம்பிப் போகலாம். 1963-இலிருந்து அவர்களுக்கு அதுதான் தொழில். சம்மர்ஹாலையும் விடாதீர்கள். பழைய கால்நடை மருத்துவக் கல்லூரி அது. பிணம் அறுத்துப் பாடம் நடத்திய இடத்தில் இப்போது கலை நிகழ்ச்சி. ‘தி ஸ்காட்ஸ்மேன்’ பத்திரிகை புதிய படைப்புகளுக்கு 1973 முதல் ‘ஃபிரிஞ்ச் ஃபர்ஸ்ட்’ விருது தருகிறது. பட்டியல் வந்ததும் டிக்கெட் பறந்துவிடும், காலையிலேயே பாருங்கள்.

நோட்டீஸ் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. ராயல் மைல் தெருவில் அதை நீட்டுவது பல நேரம் நடிப்பவரேதான். பாவம் பார்த்து ஒரு பையனிடம் வாங்கி உள்ளே போனோம். எங்களைச் சேர்த்து ஒன்பது பேர். ஒரு மேஜை விளக்கோடு ஐம்பது நிமிஷம் பேசினான். ஒன்பது பேரில் இரண்டு பேர் எப்படி எழுந்து வருவது? தோழி முன்வரிசையில் தூங்கியே போனாள். முடிந்ததும் அவன் நேராக அவளிடம் வந்து கைகுலுக்கி நன்றி சொன்னான். அவளும் கூசாமல் “ரொம்ப ஆழமாக இருந்தது” என்றாள்.

கேள்வி: கோடை விழாதானே, ஸ்வெட்டர் வேண்டுமா? – நாகர்கோவில் வாசகி

பதில்: வேண்டும். கடலிலிருந்து திடீரென்று பனிமூட்டம் வந்து கோட்டையையே மறைத்துவிடும். குடை வேண்டாம், காற்று அதைத் திருப்பிவிடும், ரெயின்கோட் போதும். ஆனால் பாலத்துக்கு அடியில் உள்ள கல் நிலவறையில் நாடகம் என்றால் உள்ளே சென்னை மே மாதம்தான். சட்டென்று கழற்றுகிற மாதிரி போட்டுக்கொண்டு போங்கள். தலைவழியாகக் கழற்றும் ஸ்வெட்டரோடு தோழி இருட்டில் போராடியபோது, பின்வரிசைக்காரர் அதுவும் நாடகம் என்று நினைத்துச் சிரித்துவிட்டார்.