சாத்தப்பட்டதா, சாத்தியிருந்ததா? கேள்வி பதில்

ஆங்கிலத்தில் 'இஸ், வாஸ்' என்பவற்றுக்குப் பின்னால் வரும் 'க்ளோஸ்டு' போன்ற வி த்ரீ, அதாவது பாஸ்ட் பார்ட்டிசிபிள், எப்போது பாசிவ் வாய்ஸ் (செயப்பாட்டு வினை), எப்போது அட்ஜெக்டிவ் (பெயரடை) என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்): மேடம், 'த கேட் வாஸ் க்ளோஸ்டு' என்பதை ஆக்டிவ் வாய்ஸுக்கு மாற்றச் சொல்கிறார்கள். யார் மூடினார் என்றே இல்லையே?

பதில்: உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. அந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. 'த கேட் வாஸ் க்ளோஸ்டு பை த வாட்ச்மேன் அட் டென்' என்றால் பத்து மணிக்கு ஒருவர் வந்து கேட்டைச் சாத்தினார். அது ஒரு செயல், பாசிவ். 'வென் ஐ ரீச்டு, த கேட் வாஸ் க்ளோஸ்டு' என்றால் நான் போய்ச் சேரும்போதே கேட் சாத்திக் கிடந்தது. அது ஒரு நிலை. 'க்ளோஸ்டு' அங்கே பெயரடை. பெயரடையை ஆக்டிவுக்கு மாற்ற வழியில்லை.

தமிழில் இந்தச் சிக்கல் நமக்கு வருவதே இல்லை, கவனித்தீர்களா? 'கேட் சாத்தப்பட்டது', 'கேட் சாத்தியிருந்தது' என்று யோசிக்காமலே பிரித்துச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம். ஆகவே குழப்பம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'இருந்தது' என்று முடிந்தால் பெரும்பாலும் பெயரடைதான்.

கேள்வி (கடை வைத்திருப்பவர்): பலகையின் ஒரு பக்கம் 'க்ளோஸ்டு' என்று இருக்கிறது. மறுபக்கம் 'ஓபன்டு' என்றுதானே இருக்க வேண்டும்?

பதில்: இல்லை, 'ஓபன்' போதும். திறந்திருக்கும் நிலையைச் சொல்ல ஆங்கிலத்தில் 'ஓபன்' என்ற பெயரடை தனியாகவே இருக்கிறது. 'த ஷாப் வாஸ் ஓபன்டு இன் 1985' என்று திறப்பு விழாவைச் சொல்லும்போதுதான் 'ஓபன்டு' வேண்டும்.

கேள்வி (ஆசிரியை): பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஏதாவது சோதனை உண்டா அக்கா?

பதில்: உண்டு. ஆனால் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். முதலில் 'வெரி' சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'ஷி வாஸ் வெரி வரீட்' சரியாக வருகிறது, அது பெயரடை. 'ஹி வாஸ் வெரி அரெஸ்டட்' வராது, அது பாசிவ். ஆனால் சாத்திய கதவில் கூடுதல், குறைவு கிடையாது. அதனால் பெயரடையாக இருந்தாலும் 'வெரி க்ளோஸ்டு' ஒட்டாது. அங்கே 'வாஸ்' என்பதை எடுத்துவிட்டு 'சீம்டு' போடுங்கள். 'த கேட் சீம்டு க்ளோஸ்டு' நன்றாகவே நிற்கிறது.

மூன்றாவது சோதனை, சொல்லின் முன்னால் வரும் 'அன்'. 'த லெட்டர் வாஸ் அனோபன்டு' என்றால் பிரிக்காத கடிதம். 'அனோபன்' என்று ஒரு வினையே ஆங்கிலத்தில் கிடையாது. அதனால் இது பெயரடையாக மட்டுமே இருக்க முடியும். ஆனால் 'அன்லாக்' என்ற வினை இருக்கிறது. 'த டோர் வாஸ் அன்லாக்டு' என்றால் பூட்டாமல் கிடந்தது என்றும் கொள்ளலாம், யாரோ பூட்டைத் திறந்தார் என்றும் கொள்ளலாம். இந்த ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு விவாதிக்க விடுங்கள், ஒரு பீரியட் போவதே தெரியாது.

'பை' வந்தால் பாசிவ் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'வெரி இம்ப்ரெஸ்டு பை ஹெர் ஒர்க்' என்பதில் 'வெரி'யும் இருக்கிறது, 'பை'யும் இருக்கிறது.

கேள்வி (வேலை தேடுபவர்): விண்ணப்பத்தில் 'ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்' என்று எழுதினேன். தவறா?

பதில்: தவறுதான் தம்பி, ஆனால் நிறையப் பேர் செய்வது. ஆர்வத்தைத் தூண்டுவது 'இன்ட்ரஸ்டிங்', ஆர்வம் கொண்டவர் 'இன்ட்ரஸ்டட்'. வேலை இன்ட்ரஸ்டிங், நீங்கள் இன்ட்ரஸ்டட். கூட வரும் 'இன்' என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். 'மேரீட்' என்றால் 'டு'. 'மேரீட் வித்' என்று நம் ஊரில் சொல்வது 'உடன்' என்பதை அப்படியே மாற்றுவதால் வருகிறது.

கேள்வி (நர்ஸ்): ஜெர்மன் படிக்கிறேன் மேடம். அங்கேயும் இதே குழப்பமா?

பதில்: அங்கே துணைவினையே பிரித்துக் காட்டிவிடும். 'டீ ட்யூர் விர்ட் கெஷ்லோசன்' என்றால் கதவு சாத்தப்படுகிறது. 'டீ ட்யூர் இஸ்ட் கெஷ்லோசன்' என்றால் சாத்தியிருக்கிறது. தமிழ்க் காதுக்கு இது ஆங்கிலத்தைவிட எளிது.

கேள்வி (ஒரு வாசகர்): எங்கள் வீட்டு வாசலில் அப்பாவின் பெயருக்குக் கீழே 'ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்' என்று இருக்கிறது. வி த்ரீ என்றால் செயப்பாட்டு வினை ஆயிற்றே. அவரை யாரோ ரிட்டயர் செய்துவிட்டார்கள் என்று ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. எல்லா வி த்ரீயும் பாசிவ் பொருள் தராது. 'ஃபாலன் லீவ்ஸ்' என்றால் விழுந்த இலைகள். யாரும் அவற்றை விழவைக்கவில்லை. 'எஸ்கேப்டு பிரிசனர்' தானே தப்பித்தவர். செயப்படுபொருள் வேண்டாத வினைகளில் சில இப்படிப் பெயருக்கு முன்னால் வந்து, அதைச் செய்து முடித்தவரைக் குறிக்கும். தமிழில் 'ஓய்வு பெறப்பட்ட' என்று யாராவது எழுதுகிறோமா? 'ஓய்வு பெற்ற' தலைமையாசிரியர், அவ்வளவுதான். பலகை அப்படியே இருக்கட்டும். அப்பாவுக்கு என் வணக்கம்.