சிசேரியன் ஸ்பைனலில் பிபி சரிவது: சலைன் முன்கூட்டியே ஏற்றியும் ஏன்?

சிசேரியனுக்கு முதுகுத்தண்டில் மரத்துப்போகும் ஊசி (ஸ்பைனல்) போடும்போது, முன்கூட்டியே சலைன் ஏற்றியும் பிபி ஏன் சரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சலைனை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஸ்பைனல் மருந்து உள்ளே போன உடனேயே ரத்தக்குழாய்களைச் சுருக்கி பிபியை ஏற்றும் ஃபினைல்எஃப்ரினை நிமிடத்துக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் வரை பம்பில் தொடங்குங்கள். 10 மில்லிகிராம் ஆம்பூலை 100 மில்லி சலைனில் கலந்தால் மில்லிக்கு 100 மைக்ரோகிராம். பம்பில் மணிக்கு 15 முதல் 30 மில்லி.

ஒரு லிட்டர் ஏற்றியும் நாலாவது நிமிடத்தில் மேல் பிபி 80க்கு இறங்குகிறது, அப்புறம்தான் பிபியை ஏற்றும் இன்னொரு மருந்தான எஃபெட்ரின் கொடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்தக்குழாய்களை இறுக்கமாக வைத்திருக்கும் சிம்பதெடிக் நரம்புகளை ஸ்பைனல் அடைப்பதால் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. முன்பே ஏற்றிய சலைனோ வெகுநேரம் குழாய்க்குள் தங்காது. அதே சலைனை ஸ்பைனல் போடும் நேரத்தில் வேகமாக ஓடவிடுங்கள், பலன் கூடும். எஃபெட்ரின் அதிகமானால் குழந்தையின் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறும் என்பதால் அதை முதல் தேர்வாக வைக்க வேண்டாம்.

அடுத்த கேஸில் ஒன்றைப் பாருங்கள்: தாயை இடப்பக்கம் சாய்த்திருக்கிறீர்களா, மல்லாக்கவா? மல்லாந்து படுக்கும்போது, இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெருஞ்சிரையைக் கர்ப்பப்பை அழுத்தினால் எந்த மருந்தும் முழுதாக வேலை செய்யாது. குழந்தை வெளியே வரும்வரை பிபியை நிமிடத்துக்கொரு முறை எடுங்கள். ஆரம்ப அளவில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் பிடிப்பதே இலக்கு.

நாடித்துடிப்பிலும் கண் இருக்கட்டும். பிபி நன்றாக இருந்து துடிப்பு மட்டும் 60க்குக் கீழே போனால் பம்பைக் குறையுங்கள் அல்லது நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்து விழுந்தால் எஃபெட்ரினோ, துடிப்பைக் கூட்டும் அட்ரோபினோ தேவைப்படும். ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்பகால உயர் ரத்த அழுத்தக் கோளாறு) உள்ள தாய்மாருக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் இதே அளவை அப்படியே போடாதீர்கள், உங்கள் சீனியருடன் பேசி முடிவெடுங்கள்.