பீட்டில்ஸ் பிரிந்ததற்கு யோகோ ஓனோதான் காரணமா? கடைசி வருடத்தில் என்னதான் நடந்தது?

ஜான் லெனனின் துணைவி யோகோ, ஸ்டுடியோவில் அவரை ஒட்டியே உட்கார்ந்திருந்தது குழுவின் மற்ற மூவருக்கும் (பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார்) உறுத்தியது உண்மைதான். ஆனால் குழு உடைந்தது மேனேஜர் யார் என்ற சண்டையில். 1969 ஏப்ரல் 14 அன்று ‘தி பேலட் ஆஃப் ஜான் அண்ட் யோகோ’ பதிவானபோது ஸ்டுடியோவில் இருந்த பீட்டில்கள் இருவர்: ஜான், பால். யோகோவின் கல்யாணத்தைப் பற்றிய அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ், பேஸ், பியானோ மூன்றையும் வாசித்தவர் பால் மெக்கார்ட்னி. யோகோ மேல் பழி போடுபவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘லெட் இட் பி’ ஆல்பம் 1970 மே 8 அன்று வந்ததால் அதுதான் கடைசிப் பதிவு என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி 1969 ஜனவரியிலேயே பதிவானது. ‘அபே ரோட்’ அதற்குப் பிறகு உருவாகி, அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று முந்திக்கொண்டு வந்துவிட்டது.

அந்த ஜனவரியில் போட்ட திட்டமே கோளாறு. புதுப் பாட்டுகளை எழுத வேண்டும், ஒத்திகை பார்க்க வேண்டும், கடைசியில் மேடையேற வேண்டும்; எல்லாவற்றையும் கேமரா படம் பிடித்துக்கொண்டே இருக்கும். இடமோ ட்விக்கன்ஹாம் என்ற சினிமா ஸ்டுடியோ. குளிர், காலை நேர வேலை, பாட்டுப் பதிவுக்கு ஏற்ற வசதி கிடையாது. 10ஆம் தேதி ஜார்ஜ் ஹாரிசன் எழுந்து போய்விட்டார். பெரிய மேடை நிகழ்ச்சியைக் கைவிட்டு, லண்டன் சவில் ரோ 3ஆம் எண்ணில் இருந்த, பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிளின் அலுவலக அடித்தளத்துக்கு மாறிய பிறகுதான் வேலை நகர்ந்தது. அவர்களுடைய மின்னணு வேலைகளைப் பார்த்த ‘மேஜிக் அலெக்ஸ்’ அங்கே கட்டிய ஸ்டுடியோ எதற்கும் உதவாததால், அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான இஎம்ஐயிலிருந்து கன்சோல்களை (ஒலிக்கலவை மேசைகளை) கடனாகக் கொண்டுவந்து வைத்தார்கள்.

22ஆம் தேதி கீபோர்டு கலைஞர் பில்லி பிரெஸ்டன் வந்து சேர்ந்ததும் சூழலே மாறியது. விருந்தாளி முன்னால் யாரும் முறைத்துக்கொள்வதில்லை. 30ஆம் தேதி மொட்டை மாடியில் சுமார் 42 நிமிடம் வாசித்தார்கள். காற்று இரைச்சல் மைக்கில் விழாமலிருக்கப் பெண்களின் நைலான் காலுறையை வாங்கிவந்து மைக்குகளுக்கு மாட்டினார்கள்.

இனி பணம். மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் 1967 ஆகஸ்டில் இறந்ததிலிருந்து அந்த நாற்காலி காலி. ஜான், ஜார்ஜ், ரிங்கோ மூவரும் ரோலிங் ஸ்டோன்ஸின் வரவுசெலவைக் கவனித்த ஆலன் க்ளைன் பக்கம் சாய்ந்தார்கள். பால் சொன்னது வக்கீல் லீ ஈஸ்ட்மனையும் அவர் மகன் ஜான் ஈஸ்ட்மனையும். 1969 மார்ச் 12 அன்று பால் லீயின் மகள் லிண்டாவை மணந்ததும் இவர்கள் மாமனாரும் மைத்துனரும் ஆனார்கள். பெட்டிச் சாவியை ஒருவருடைய மாமனார் கையில் கொடுக்க மற்றவர்கள் தயங்கியது இயல்பு. அதே சமயம் க்ளைனைப் பற்றிப் பால் கொண்ட சந்தேகமும் தப்பில்லை. அந்த மூவரே பிற்பாடு க்ளைனோடு கோர்ட்டுக்குப் போனார்கள்.

இந்த இழுபறி நடக்கும்போதே, அவர்களுடைய பாட்டு உரிமைகளை வைத்திருந்த நார்தர்ன் சாங்ஸ் கம்பெனியில் தன் பங்கைப் பாட்டுப் பதிப்பாளர் டிக் ஜேம்ஸ், ஏடிவி என்ற பிரிட்டிஷ் டிவி நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். ஜானும் பாலும் சேர்ந்து அதை மீட்கப் பார்த்தார்கள். அப்போதுதான் பால் சத்தமில்லாமல் கூடுதல் பங்கு வாங்கி வைத்திருந்தது ஜானுக்குத் தெரிந்தது. என் கணிப்பில், நம்பிக்கை போன இடம் இதுதான். கம்பெனியும் கையைவிட்டுப் போனது.

மே 9 அன்று ஒலிம்பிக் ஸ்டுடியோவில் க்ளைனுக்கு 20 சதவீதக் கமிஷன் தரும் ஒப்பந்தத்தில் பாலிடம் மற்ற மூவரும் கையெழுத்துக் கேட்டார்கள். பால், 15 போதும், வக்கீலைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை பேசலாம் என்றார். மூவரும் கிளம்பிப் போய்விட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ‘அபே ரோட்’ உருவானதுதான் ஆச்சரியம். பழைய முறையில் வேலை நடந்தால் மட்டுமே வருவேன் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நிபந்தனை போட்டார். அந்த ஆல்பத்தின் ஒலி முந்தையவற்றைவிட மிருதுவாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு: வால்வு கன்சோலுக்குப் பதில் டிரான்சிஸ்டர் கன்சோல், எட்டு டிராக் (எட்டு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியும் வசதி). ‘தி எண்ட்’ பாட்டில் வரும் கிடார் சோலோவைக் கவனியுங்கள். பால், ஜார்ஜ், ஜான் என்ற வரிசையில் ஆளுக்கு இரண்டு பார் (தாள அளவு), மூன்று சுற்று. ஆகஸ்ட் 20 தான் நால்வரும் ஒரே ஸ்டுடியோவில் கூடிய கடைசி நாள்.

செப்டம்பர் 20 அன்று ஆப்பிள் அலுவலகத்தில் ஜான் விலகுவதாகச் சொல்லிவிட்டார். அவர்களுடைய அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான கேப்பிட்டலோடு புது ராயல்டி ஒப்பந்தம் நடந்துகொண்டிருந்ததால் விஷயத்தை அமுக்கினார்கள். 1970 ஏப்ரல் 10 அன்று பாலின் தனி ஆல்பத்தோடு போன அறிக்கையை வைத்துப் பத்திரிகைகள் செய்தி போட்டதால், முதலில் விலகியவர் பால் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

விலகுவதும் லேசாக இல்லை. 1967இல் போட்ட கூட்டு ஒப்பந்தப்படி தனி ஆல்பங்களின் வருமானம்கூடப் பொதுக் கணக்குக்குத்தான் போகும். க்ளைனிடமிருந்து விடுபடப் பால் தன் மூன்று கூட்டாளிகள் மீதே 1970 டிசம்பர் 31 அன்று வழக்குப் போட வேண்டியிருந்தது. அந்தக் கூட்டு சட்டப்படி கலைந்தது 1975 ஜனவரியில்.

இதையெல்லாம் பாட்டில் கேட்க வேண்டுமென்றால் பதிவான வரிசையில் கேளுங்கள். முதலில் மொட்டை மாடிப் பாட்டுகள்: ‘டிக் எ போனி’, ‘ஐ’வ் காட் எ ஃபீலிங்’, ‘ஒன் ஆஃப்டர் 909’. பிறகு ‘அபே ரோட்’ முழுக்க. கடைசியாக, 1970 ஜனவரி 3 அன்று ஜான் இல்லாமல் மூவர் பதிவுசெய்த ‘ஐ மீ மைன்’. அது ஒன்றரை நிமிடப் பாட்டுதான். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் டேப்பில் ஒரு பகுதியைப் பிரதியெடுத்து ஒட்டி இரண்டரை நிமிடத்துக்கு நெருக்கமாக நீட்டினார். பின்பாதியில் அதே வரிகள், அதே கிடார் அப்படியே திரும்ப வருவது காதில் விழும்.