6 கோர், 12 திரெட்: மீதி பாதி எங்கே?

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் இருப்பது ஐ7-8700. 6 கோர், 12 திரெட் என்கிறார்கள். உபுண்டுவின் சிஸ்டம் மானிட்டரில் 6 கோடுகள்தான் ஓடுகின்றன. லினக்ஸில் ஹைப்பர் திரெடிங்கை ஆன் செய்ய எதை இன்ஸ்டால் செய்ய வேண்டும்?

பதில்: எதையும் வேண்டாம். ஒரு கோரையே இரண்டு திரெட்டாக, அதாவது இரண்டு சிபியு போலக் காட்டுவதுதான் ஹைப்பர் திரெடிங். பயாஸ் (கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) அனுமதித்தால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தானாகவே 12-ஐயும் எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு 6 மட்டும் தெரிகிறதென்றால் பயாஸோ கெர்னலோ தடுக்கிறது. யார் என்று முதலில் பாருங்கள்.

டெர்மினலில் எல்எஸ்சிபியு கட்டளையைக் கொடுங்கள். ‘திரெட்ஸ் பெர் கோர்’ வரியில் 2 இருந்தால் ஹைப்பர் திரெடிங் ஓடுகிறது. 1 இருந்தால், ‘ஆஃப்லைன் சிபியு லிஸ்ட்’ என்றொரு வரி வருகிறதா என்று தேடுங்கள். அதில் 6-11 என்று இருந்தால் பயாஸ் திறந்துதான் கிடக்கிறது, மூடியது கெர்னல். அந்த வரியே இல்லையென்றால் பயாஸுக்குள் போக வேண்டியதுதான்.

பயாஸுக்குப் போக டெலீட் அல்லது எஃப்2 விசை. திரை கண் இமைப்பதற்குள் ஓடிவிடுகிறதா? யுஇஎஃப்ஐ (புதிய வகை பயாஸ்) போர்டாக இருந்தால், சிஸ்டம்சிடிஎல் ரீபூட் கட்டளையோடு --ஃபர்ம்வேர்-செட்டப் என்று சேர்த்துக் கொடுங்கள், நேராக உள்ளே கொண்டுபோய் விடும். பெரும்பாலும் அட்வான்ஸ்டு மெனுவில் சிபியு கான்ஃபிகரேஷனுக்குள் ‘ஹைப்பர்-திரெடிங்’ இருக்கும். ஏஎம்டி போர்டுகளில் இதற்கே ‘எஸ்எம்டி’ என்று பெயர், லினக்ஸும் அப்படித்தான் சொல்லும். எனேபிள்டு ஆக்கி, சேமித்து வெளியே வாருங்கள். பக்கத்திலேயே ‘ஆக்டிவ் கோர்ஸ்’ என்றொரு அமைப்பு இருக்கலாம். அதைத் தொடாதீர்கள், அது கோர்களையே குறைப்பது.

மூடியது கெர்னல் என்றால் /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பைப் படியுங்கள், கெர்னலுக்குத் தொடக்கத்தில் கொடுத்த வரி அதில் இருக்கும். அதில் ‘நோஎஸ்எம்டி’ என்ற சொல் தனியாகவோ ‘மிட்டிகேஷன்ஸ்=ஆட்டோ,நோஎஸ்எம்டி’ என்றோ இருக்கும். க்ரப்தான் கெர்னலைத் தொடக்கிவிடும் நிரல். அதன் /இடிசி/டீஃபால்ட்/க்ரப் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, அந்தச் சொல்லை மட்டும் நீக்கி, சுடோவோடு அப்டேட்-க்ரப் கொடுத்து ரீபூட் செய்யுங்கள். கோப்பை மட்டும் திருத்திவிட்டு அப்டேட்-க்ரப்பை மறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. எத்தனை முறை ரீபூட் செய்தாலும் பழைய வரியே வந்து நிற்கும்.

ரீபூட் இல்லாமலும் முடியும். /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/எஸ்எம்டி/கன்ட்ரோல் கோப்பில் ‘ஆஃப்’ என்று இருந்தால் அங்கே ‘ஆன்’ என்று எழுதினால் போதும். ஆனால் ‘சுடோ எக்கோ ஆன் >’ என்று எழுதினால் அனுமதி மறுக்கப்படும். ஏனென்றால் சுடோ கட்டுப்படுத்துவது எக்கோவைத்தான். கோப்பைத் திறந்து எழுதும் > குறியைக் கையாள்வது உங்கள் சாதாரண ஷெல். ‘எக்கோ ஆன் | சுடோ டீ’ போட்டு, அதன்பின் கோப்பின் பாதையைக் கொடுங்கள். கோப்பில் ‘ஃபோர்ஸ்ஆஃப்’ என்று இருந்தால் இந்த வழி எடுபடாது, ரீபூட்தான். கடைசியில், பக்கத்திலேயே உள்ள ‘ஆக்டிவ்’ கோப்பில் 1 வந்திருக்கிறதா என்று பாருங்கள். கன்ட்ரோல் சொல்வதைவிட இதை நம்பலாம்.

கேள்வி: ஐ7-9700. சிபியுஇன்ஃபோ கோப்பில் ‘எச்டி’ என்ற ஃபிளாக் இருக்கிறது. ஆனால் பயாஸில் ஹைப்பர் திரெடிங்கே காணோம்!

பதில்: இல்லாததை எங்கே காண்பது? 9700-க்கு 8 கோர், 8 திரெட் மட்டுமே. ஐ7 என்றாலே இரட்டை என்ற கணக்கு இங்கே பொய்த்துவிடுகிறது. ‘எச்டி’ ஃபிளாக் பல கோர் பிராசஸர் எல்லாவற்றிலும் வரும், அதை நம்பக்கூடாது. அதே கோப்பில் ‘சிப்ளிங்ஸ்’ எண்ணையும் ‘சிபியு கோர்ஸ்’ எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் சமம் என்றால் ஹைப்பர் திரெடிங் ஓடவில்லை.

கேள்வி: ஹைப்பர் திரெடிங் வந்தபின் கம்பைல் வேகமாகும் என்று பார்த்தால் இழுத்துக்கொண்டு கிடக்கிறது, சிலசமயம் பாதியிலேயே செத்துவிடுகிறது. 6 கோர், ராம் 8 ஜிபி.

பதில்: உங்கள் ஸ்கிரிப்டில் ‘மேக் -ஜே’யோடு (ஒரே நேரத்தில் எத்தனை கம்பைல் வேலை என்று சொல்வது) என்ப்ராக் கட்டளை தரும் எண் இருக்கிறதா? அது ஆன்லைனில் இருக்கும் சிபியுக்களை எண்ணுகிறது. நேற்று 6 என்றது, இன்று 12 என்கிறது. பெரிய சி++ கோப்பு ஒன்றே 1 ஜிபிக்கு மேல் கேட்கக்கூடும். அப்படிப் பன்னிரண்டு சேர்ந்தால் ஸ்வாப்பில் (ராம் போதாதபோது பயன்படும் வட்டு இடம்) உருளும். பிறகு கெர்னலே ஏதாவது ஒன்றைக் கொன்றுவிடும். கெர்னலின் பதிவான டிமெசேஜில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று தேடுங்கள், இருக்கும். -ஜே6 என்று கையால் கொடுங்கள், அல்லது ராமைக் கூட்டுங்கள்.

இரண்டு மடங்கு வேகத்தையும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு கோரின் இரு திரெட்களும் அதே கணக்கிடும் பகுதிகளையும் அதே எல்1, எல்2 கேஷ்களையும்தான் (கோருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்) பங்கிடுகின்றன. ஒன்று நினைவகத்துக்காகக் காத்திருக்கையில் மற்றொன்று புகுந்துகொள்வதுதான் ஆதாயம். 2002-ல் இதை அறிமுகப்படுத்தும்போது இன்டெலே 30 சதவீதம் வரை என்றுதான் சொன்னது.

கேள்வி: பழைய பிசி வாங்கினேன், ஐ7-8700. முன்பு வைத்திருந்தவர் நோஎஸ்எம்டி போட்டு வைத்திருக்கிறார். எடுத்தால் ஆபத்தா?

பதில்: அவர் காரணமில்லாமல் போட்டிருக்க மாட்டார். 2018 ஆகஸ்டில் எல்1டிஎஃப், 2019 மே மாதத்தில் எம்டிஎஸ் என்று இன்டெல் பிராசஸர்களில் இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்தன. ஒரே கோரைப் பங்கிடும் ஒரு திரெட்டிலிருந்து மற்றதன் தரவைக் கசியவைக்க அவை வழி செய்தன. ஆனாலும் லினக்ஸ் கெர்னல் இயல்பாக எஸ்எம்டியை அணைப்பதில்லை. முன்பின் தெரியாதவர்களின் விர்ச்சுவல் மெஷின்களை அதில் ஓட்டுகிறீர்கள் என்றால் நோஎஸ்எம்டி இருக்கட்டும். உங்கள் வேலை மட்டும் ஓடும் வீட்டு மெஷின் என்றால் எடுத்துவிடலாம் என்பேன்.

எடுத்தபின் /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு அடைவில் உள்ள ‘வல்னரபிலிட்டீஸ்’ கோப்புகளைப் பாருங்கள். ‘எஸ்எம்டி வல்னரபிள்’ என்று வந்தால் பதற வேண்டாம், புதிதாக எதுவும் உடையவில்லை. ‘நோ மைக்ரோகோட்’ (பிராசஸருக்கான திருத்தம் ஏறவில்லை) என்று வந்தால்தான் கவனிக்க வேண்டும். உபுண்டுவில் இன்டெல்-மைக்ரோகோட் பொதியை நிறுவி ரீபூட் செய்தபின் அதே கோப்பை மறுபடி படியுங்கள்.