எந்த மாசம் பறந்தா அப்கிரேட் வரும்? இது ராசி இல்ல, சீசன் கணக்கு

கேள்வி: நியூஜெர்சி எடிசன்ல இருக்கேன் சார். ஹூஸ்டன் க்ளையண்டுக்காக வாராவாரம் திங்கக்கிழமை காலைல நெவார்க்லேர்ந்து கிளம்பி வியாழன் சாயங்காலம் திரும்பறேன். யுனைடெட் ஏர்லைன்ஸ்ல பிரீமியர் கோல்டு (அடிக்கடி பறக்கறவங்களுக்கு குடுக்கற ஸ்டேட்டஸ்). ஜூலை ஆகஸ்ட்ல அப்பப்போ ஃபர்ஸ்ட் கிளாஸ் கெடச்சுது, செப்டம்பர் பொறந்ததும் சுத்தமா நின்னு போச்சு. டிசம்பர்ல வீட்டம்மா, ரெண்டு பசங்களோட ஆர்லாண்டோ போனப்பவும் ஒண்ணும் வரல. இது என் ராசியா, இல்ல நிஜமாவே சீசன்னு ஒண்ணு இருக்கா? ஜூன் கடைசில குடும்பத்தோட சென்னை வேற போகணும்.

பதில்: ராசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. நீங்க சொன்ன எல்லாமே சீசன் கணக்குல சரியா உக்காருது. ஆனா நிறைய பேர் பண்ற மாதிரி "எந்த மாசம் கூட்டம் கம்மி"னு மட்டும் பாத்தா தப்பா போயிடும். ஃப்ளைட்ல மொத்தம் எத்தன பேருங்கறது உங்களுக்கு தேவையே இல்லாத விஷயம், உங்களுக்கு முன்னாடி அப்கிரேட் லிஸ்ட்ல எத்தன எலைட் (உங்கள மாதிரி ஸ்டேட்டஸ் வெச்சிருக்கறவங்க) நிக்கறாங்க, முன்னாடி இருக்கற சீட்ட காசு குடுத்து வாங்கறவங்க எத்தன பேரு, இந்த ரெண்ட மட்டும் பாருங்க. பின்னாடி முழுசா ரொம்பி வழியற ஃப்ளைட்ல கூட முன் கேபின்ல சீட் இருக்கும், பாதி காலியா போற ஃப்ளைட்ல முன்னாடி ஒரு சீட் கூட இருக்காது.

முதல்ல உங்க இடம் என்னன்னு தெரிஞ்சுக்கங்க. யுனைடெட்ல ஸ்டேட்டஸோட மேல்படியிலேர்ந்து வரிசையா பாத்தா, இலவச அப்கிரேட் குளோபல் சர்வீசஸ்காரங்களுக்கு 120 மணி நேரம் முன்னாடியிலேர்ந்து, ஒன்-கேக்கு 96, பிளாட்டினத்துக்கு 72, உங்க கோல்டுக்கு 48, சில்வருக்கு 24 மணி நேரம் முன்னாடியிலேர்ந்து க்ளியர் (உறுதி) ஆக ஆரம்பிக்கும். அதாவது உங்க முறை வரும்போது மூணு கூட்டம் ஏற்கனவே சாப்ட்டு போயிருக்கும். நெவார்க்கும் ஹூஸ்டனும் ரெண்டுமே யுனைடெட்டோட ஹப் (முக்கிய தளம்), ரெண்டு ஹப்புக்கு நடுவுல பறக்கற ரூட்ல எலைட் கூட்டம் எப்பவுமே ஜாஸ்தி, அதுலயும் திங்க காலைல போய் வியாழன் சாயங்காலம் வர்றதுன்னா கன்சல்டன்ட் எல்லாரும் பறக்கற அதே நேரம். அந்த ரூட்ல கோல்டுக்கு கோடைல கெடச்சதே பெருசு.

இப்போ மாசத்துக்கு வருவோம். செப்டம்பர்ல லேபர் டே லீவு முடிஞ்ச மறுநாள்லேர்ந்து நவம்பர் பாதி வரைக்கும் அமெரிக்காவுல ஆபீஸ் பயணம் உச்சத்துல இருக்கற காலம். ஆபீஸ் காசுல முன் சீட் வாங்கறவங்களும் பறக்கறாங்க, ஒன்-கே பிளாட்டினம் எல்லாரும் திரும்ப பறக்க ஆரம்பிச்சுடறாங்க. உங்களுக்கு நின்னு போனதுக்கு இதான் காரணம். வசந்த காலத்துலயும் இதே கத தான், ஹூஸ்டனுக்குன்னு தனியா ரெண்டு வாரத்த காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கங்க, மார்ச்ல நடக்கற செராவீக் எனர்ஜி மாநாடு ஒண்ணு, மே மாச ஆரம்பத்துல வர்ற ஆஃப்ஷோர் டெக்னாலஜி கான்ஃபரன்ஸ் ஒண்ணு. எண்ணெய் கம்பெனி பெரிய ஆளுங்க எல்லாம் அந்த வாரம் அங்க தான், அப்கிரேட்ட மறந்துட்டு ஒரு நல்ல எகானமி பிளஸ் (கால் வெக்க அதிக இடம் உள்ள எகானமி) சீட்டா பாத்து உக்காந்துடுங்க. கோல்டுக்கு அது புக்கிங் பண்ணும்போதே இலவசம்.

ஜூலை நாலாம் தேதி வாரம், ஆகஸ்ட் ரெண்டாம் பாதி, இதெல்லாம் ஆபீஸ் ரூட்ல நல்ல காலம். கூட்டம் என்னவோ அப்போ தான் அதிகம், ஆனா அது பசங்கள கூட்டிட்டு ஊர் சுத்தப் போற கூட்டம், அவங்க போறது ஃப்ளோரிடா, மேற்குக் கடற்கரை, ஐரோப்பா, உங்க ஹூஸ்டன் திங்கக்கிழமை ஃப்ளைட்டுக்கு அவங்க வர மாட்டாங்க. கோடைல இன்னொரு விஷயமும் இருக்கு. நெவார்க்ல மதியத்துக்கு மேல இடி மழைன்னா ஃப்ளைட் எல்லாம் தள்ளிப் போகும், கனெக்‌ஷன் விட்டவங்களோட முன் சீட் கடைசி இருபது நிமிஷத்துல காலியாகும், அத கேட்லயே லிஸ்ட்ல இருக்கறவங்களுக்கு குடுப்பாங்க. உங்க வியாழன் ரிட்டர்ன்ல பேரு லிஸ்ட்ல ரெண்டாவது மூணாவதா இருந்தா லவுஞ்சுலயோ பர்கர் கடையிலயோ உக்காந்திருக்காதீங்க, கேட் பக்கத்துல நில்லுங்க. கேன்சலே ஆயிட்டா கத வேற, மறுநாள் காலை ஃப்ளைட்ல எல்லாரையும் திணிச்சிருப்பாங்க.

அடுத்து வருஷக் கடைசி, இதுல தான் நிறைய பேர் ஏமாறறாங்க. யுனைடெட்ல எலைட் கணக்கு ஜனவரியிலேர்ந்து டிசம்பர் வரைக்கும், ஆனா ஸ்டேட்டஸ் செல்லுபடியாகறது அடுத்த வருஷமும் முடிஞ்சு அதுக்கப்புறம் வர்ற ஜனவரி 31 வரைக்கும். உதாரணத்துக்கு 2025 ஜூன்ல ஒருத்தர் பிளாட்டினம் ஆனார்னா அவருக்கு 2027 ஜனவரி 31 வரைக்கும் அது இருக்கும். இதனால என்ன ஆகுதுன்னா வருஷம் நகர நகர புதுசா எலைட் ஆனவங்க லிஸ்ட்ல சேந்துக்கிட்டே இருக்காங்க, பழைய ஆளு ஒருத்தரும் இறங்கறதில்ல, அக்டோபர்லேர்ந்து ஜனவரி கடைசி வரைக்கும் லிஸ்ட் குண்டாகிக்கிட்டே போகுது, பிப்ரவரி 1ஆம் தேதி ஒரே நாள்ல இளைக்குது. போன வருஷம் பறக்காதவங்க அன்னைக்கு கீழ இறங்கிடறாங்க. அதனால இலவச அப்கிரேட்டுக்கு வருஷத்துலயே நல்ல மாசம் எதுன்னு என்னைக் கேட்டா பிப்ரவரின்னு தான் சொல்வேன், பிரசிடென்ட்ஸ் டே லாங் வீக்கெண்ட்ல டென்வர் பக்கம் ஸ்கீயிங் போற ரூட்ட மட்டும் விட்டுடுங்க. டெல்டாவுலயும் ஸ்டேட்டஸ் ஜனவரி 31 தான் முடியும், அமெரிக்கன்ல மார்ச் 31, அங்க பறக்கறவங்க இந்தக் கணக்க ரெண்டு மாசம் தள்ளிப் போட்டுக்கணும்.

டிசம்பர் ஜனவரில இன்னொரு இடியும் உண்டு, பிளஸ்பாயிண்ட்ஸ், அதாவது அப்கிரேட் கேக்கறதுக்கு யுனைடெட் குடுக்கற பாயிண்ட்ஸ். பிளாட்டினம் ஆனா 40, ஒன்-கே ஆனா அதுக்கு மேல 280ன்னு அவங்களுக்கு கெடைக்குதே, அதுக்கு காலாவதித் தேதி இருக்கு. வருஷம் பூரா பெரிய ட்ரிப்புக்குன்னு சேத்து வெச்சவங்க வீணாப் போகுதேன்னு கடைசி ரெண்டு மாசத்துல உள்ளூர் ஃப்ளைட்ல எல்லாம் போட்டுத் தீத்துடுவாங்க. பிளஸ்பாயிண்ட்ஸ் போட்டுக் காத்திருக்கறவங்களுக்கு இலவசமா காத்திருக்கற உங்களுக்கு முன்னாடி சீட் போகும். கல்யாணப் பந்தில மொய் எழுதினவங்கள முன் வரிசைல உக்கார வெச்ச மாதிரி தான், கோச்சுக்க முடியாது.

உங்க ஆர்லாண்டோ ட்ரிப்புக்கு வர்றேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நெவார்க்லேர்ந்து ஃப்ளோரிடா போற ஃப்ளைட்ல முன் சீட்ட குடும்பங்களே காசு குடுத்து வாங்கிடுது, மிச்சம் இருக்கறதுக்கு வாரம் பூரா பறக்கற எலைட்டுங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டு ஆளுங்களோட க்யூல நிக்கறாங்க. இந்த மாதிரி லீவு நாள்ல பாக்க வேண்டியது திசை. ஊரே தெக்க போகும்போது வடக்க வர்ற ஃப்ளைட் காத்தாடும், ஜனவரி முதல் வாரக் கடைசில அது அப்படியே தலைகீழா மாறும். லீவு ஆரம்பிக்கற அன்னைக்கு எதிர் திசைல பறக்கற வேலை வந்தா விட்டுடாதீங்க. தேதியும் முக்கியம். தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை, 2024 டிசம்பர் 1, ஒரே நாள்ல 30 லட்சம் பேருக்கு மேல அமெரிக்க ஏர்போர்ட் செக்யூரிட்டியத் தாண்டிப் போனாங்க. ஆனா தேங்க்ஸ்கிவிங் வியாழன் அன்னைக்கே, கிறிஸ்துமஸ் அன்னைக்கே பறந்தா நெலமையே வேற. தேங்க்ஸ்கிவிங் விருந்து வான்கோழி நமக்கு அவ்வளவு முக்கியமில்லாத வீடுன்னா அது பெரிய வசதி.

அப்புறம் நாலு பேரும் ஒரே புக்கிங்கா? அப்போ எந்த சீசனா இருந்தாலும் கஷ்டம் தான். ஸ்டேட்டஸ் அப்கிரேட் உங்களுக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் தான், நாலு பேருக்கு இல்ல. அதோட பேசிக் எகானமி டிக்கெட்டுக்கு இது கெடையவே கெடையாது, லீவுக்கு விலை கம்மின்னு அத வாங்கியிருந்தீங்கன்னா காரணம் அங்கயே முடிஞ்சு போச்சு. நெவார்க்லேர்ந்து லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ போற பிரீமியம் ரூட்லயும் இலவச அப்கிரேட் எதிர்பாக்காதீங்க.

ஒரு உண்மைய சொல்லிடறேன், இப்பல்லாம் கோடை கூட முன்ன மாதிரி தாராளமா இல்ல. முன் சீட் காலியா போனா எலைட்டுக்கு குடுத்தாங்க ஒரு காலத்துல, இப்போ ஆப்லயே யாரு வேணா இவ்ளோ டாலர் குடுத்து மேல போகலாம்னு ஆஃபர் காட்றாங்க, கூட்டம் கம்மியான மாசத்துல அந்த விலையும் இறங்கும், உங்க 48 மணி நேரம் ஆரம்பிக்கறதுக்குள்ள வித்துடும். ஆபீஸ் பயணம் குறையற மாசத்துல அந்த ஆஃபர நீங்களும் கவனிங்க, நாலு மணி நேர ஃப்ளைட்டுக்கு நியாயமான தொகைன்னா வாங்கிடலாம், காத்திருந்து நொந்து போறதுக்கு அது மேல்.

சரி, வாராவாரம் என்ன பண்றது? யுனைடெட் ஆப்ல நீங்க பறக்காத ஃப்ளைட்டோட அப்கிரேட் லிஸ்டையும் பாக்கலாம், ஃப்ளைட் ஸ்டேட்டஸ் உள்ள இருக்கும். மூணு நாலு வாரம் திங்க காலைல முதல் ஃப்ளைட், பத்து மணி ஃப்ளைட், ஞாயிறு ராத்திரி ஃப்ளைட் மூணையும் பாத்துட்டே வாங்க, எதுல லிஸ்ட் நீளம் எதுல கம்மின்னு உங்களுக்கே புரிஞ்சுடும், எந்தக் கட்டுரையும் அந்த அளவுக்கு சொல்லித் தராது. விமானத்தையும் பாருங்க. ஏ319ல முன்னாடி 12 சீட், 737 மேக்ஸ் 8ல 16, மேக்ஸ் 9, ஏ321 நியோ ரெண்டுலயும் 20. சீசன் மாறும்போது அட்டவணையும் மாறும், எந்த நேரத்துக்கு எந்த விமானம்னு அப்போ திரும்பப் பாத்து வெச்சுக்கங்க. கோல்டுக்கு அதே நாள் ஃப்ளைட் மாத்திக்கறது இலவசம், இலையுதிர் காலத்துல க்ளையண்ட் விட்டா வியாழன் சாயங்காலத்துக்கு பதில் மதியமே கிளம்பிடுங்க.

சென்னை விஷயம் சுருக்கமா. யுனைடெட் நேரா சென்னைக்கு பறக்கறதில்ல, டெல்லி போய் மாறணும், இல்ல லுஃப்தான்சால பிராங்க்ஃபர்ட் வழியா போகணும். ரெண்டுலயும் உங்க கோல்டுக்கு தானா வர்ற இலவச அப்கிரேட் கெடையாது. நியூஜெர்சில ஸ்கூல் லீவு விடற ஜூன் மூணாவது வாரத்துலேர்ந்து நம்ம ஜனம் மொத்தமும் கிளம்பும், ஆகஸ்ட் கடைசில மொத்தமா திரும்பும், டிசம்பர்ல இன்னொரு அலை. இந்த நேரத்துல தான் எகானமில சீட்டுக்கு மேல வித்து, கடைசில சில பேர முன்னாடி தள்ளி உக்கார வெக்கறதும் நடக்கும். ஆனா அது தனியா வர்ற ஸ்டேட்டஸ்காரங்களுக்கு தான் பெரும்பாலும் போகும், லுஃப்தான்சான்னா முதல்ல அவங்க சொந்த ப்ரோகிராம் ஆளுங்கள பாப்பாங்க, அதுவும் பிசினஸுக்கு இல்ல, நடுவுல இருக்கற பிரீமியம் எகானமிக்கு தான். ரெண்டு பசங்களோட நாலு பேரா போற உங்களுக்கு அத நம்பி ஒரு பிரயோஜனமும் இல்ல. லுஃப்தான்சால தொகை சொல்லி ஏலம் கேக்கற முறை இருக்கு, ஜூன்லயும் ஆகஸ்ட் கடைசிலயும் குறைச்சலா கேட்டா வேலைக்கு ஆகாது. ரிட்டர்ன ஆகஸ்ட் முதல் பத்து நாளுக்குள்ள வெச்சுக்க முடியுமான்னு பாருங்க, அந்த ரிட்டர்ன் பயணத்துக்கு மட்டும் பிரீமியம் எகானமி விலை என்னன்னு இப்பவே பாத்து வெச்சுடுங்க, பசங்க தூங்கிட்டே வர்றதுக்கு அது போதும்.