தொடுதிரையில் இரண்டு கைகளாலும் வேலை: தோள் ஏன் கடுக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 34. திருமண ஆல்பம் டிசைன் செய்கிறேன். சில மாதங்களாகத் தொடுதிரை டெஸ்க்டாப்பில் வேலை. படங்களை நகர்த்துவது, பெரிதாக்குவது எல்லாம் இரண்டு கைகளாலும்தான். மாலையானால் இரு தோள்களும் கழுத்தும் கடுக்கின்றன. கழுத்து எலும்புத் தேய்மானமா, டாக்டர்? மவுஸுக்கே திரும்பிவிடவா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், தேய்மானத்தைவிடத் தசைச் சோர்வுக்குத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டு கைகளாலும் வேலை செய்வதில் தவறில்லை. அவற்றை அந்தரத்தில் நிறுத்தி வைப்பதுதான் பிரச்சினை.

ஒரு கையின் எடை, உடல் எடையில் சுமார் 5 சதவீதம். 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ. மவுஸ் பிடிக்கும்போது அந்தப் பாரத்தை மேசை தாங்கிக்கொள்ளும். செங்குத்தான திரையைத் தொடும்போது தோளும் பின்கழுத்தும் தாங்க வேண்டும். தசை அசையாமல் இறுகியே இருந்தால் அதற்குள் ரத்த ஓட்டம் குறையும், கடுப்பு அதனால்தான். ஒரு கையால் மட்டும் தொட்டால் மற்றதை மேசையில் ஊன்றிக்கொள்ளலாம். உங்களுக்கு அதுவும் இல்லை. உடம்பு முன்னால் சாய்ந்து, தலையும் முன்னால் நீண்டுவிடுகிறது. கையை அந்தரத்தில் நீட்டியே இருப்பதால் வரும் இந்தக் கடுப்புக்குக் கணினித் துறையில் ‘கொரில்லா ஆர்ம்’ என்று பெயரே உண்டு.

எனவே திரையைக் கைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்டாண்ட் இடம்கொடுத்தால் திரையைத் தாழ்த்தி, வரைபலகைபோல் நன்றாக மல்லாத்தி, மேசை விளிம்புக்கு இழுத்து வையுங்கள். முழங்கை உடம்பை ஒட்டியிருக்க, முன்கை மேசையில் படிய வேண்டும். கூரான விளிம்பில் முழங்கையை அழுத்தாதீர்கள். அங்கே ஓடும் நரம்பு நசுங்கினால் சுண்டுவிரல் மரத்துப்போகும். தலை குனிந்தே இருக்கும் அளவுக்குத் திரையைத் தாழ்த்தவும் வேண்டாம். படத்தைத் திருப்ப, பெரிதாக்கத் தொடுதிரை. நெடுநேர நுணுக்க வேலைக்கு மவுஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, கைகளைத் தொங்கவிட்டு, தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்துப் பத்து முறை விடுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கை மரத்துப்போனாலோ, பொருள்கள் கைநழுவினாலோ, தோளைத் தூக்கவே முடியாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். ரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். படியேறும்போது தோளிலோ கையிலோ வலி வந்து, நெஞ்சு அழுத்தமோ மூச்சிரைப்போ வியர்வையோ சேர்ந்தால், அது தசை வலி என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுங்கள்.